புதிய மோட்டார் சைக்கிளில் முன்சக்கர அதிர்வு

கிராமந்தோறும் சென்று பணியாற்றும் களப்பணியாளர்க்கும், தொலைவிலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியர்க்கும் மோட்டார் சைக்கிள் இன்றியமையாத துணையாகும். புதிதாக வாங்கிய வண்டி குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் கைப்பிடியில் நடுக்கம் தருமாயின், உரிமையாளர் பெரும்பாலும் இரு தவறுகளுள் ஒன்றைச் செய்கிறார். "புதிய வண்டியாயிற்றே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று வாளாவிருப்பது ஒன்று. காரணம் அறியாமலே டயரையும் பேரிங்கையும் மாற்றிப் பணத்தை வீணாக்குவது மற்றொன்று. நடுக்கம் எப்பொழுது தோன்றுகிறது, எப்பொழுது மறைகிறது என்பதை முறையாகக் கவனித்தால், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றியே அதன் காரணத்தை அணுகிவிடலாம்.

எஞ்சினா, சக்கரமா?

முதலில், டயர் சூடேறுமுன் காற்றழுத்தத்தை அளந்து, வண்டியின் கையேட்டில் கூறியுள்ள அளவுக்குக் கொணர வேண்டும். பின்னர், நேரான, நடமாட்டமற்ற சாலையில், பகலொளியில், தலைக்கவசம் அணிந்து, சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள், நடுக்கம் தோன்றும் வேகத்தில் வண்டியைச் செலுத்துக. இரு கைகளும் கைப்பிடியைவிட்டு அகலலாகாது. இப்பொழுது கிளச்சை அழுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துக. எஞ்சினின் சுழற்சி உடனே குறையும். வண்டியின் வேகமோ சிறிது நேரம் பெரிதும் மாறாதிருக்கும். நடுக்கம் அக்கணமே நின்றால் காரணம் எஞ்சினைச் சார்ந்தது. தொடர்ந்தால் சக்கரத்தையோ, அதனைத் தாங்கும் உறுப்புகளையோ சார்ந்தது.

முன் பிரேக்கைப் பிடிக்கும்பொழுது மட்டும் துடிப்பு உண்டாயின், பிரேக் டிஸ்க்கையோ டிரம்மையோ ஐயுறலாம். மெதுவாகச் செல்லும்பொழுதே சக்கரம் ஏறி இறங்குவதுபோல் தோன்றினால், ரிம் கோணலாயிருக்கலாம். அன்றி டயர் ரிம்மில் சீராக அமராதிருக்கலாம். குறைந்த வேகத்தில் புலப்படாது, வேகம் மிகுந்தபின் வெளிப்படும் நடுக்கமோ, பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமனின்மையைக் குறிக்கும்.

சிறு எடையின் பெரு விசை

சக்கரத்தின் ஓரிடத்தில் சிறிது எடை மிகுதியாயிருப்பதனால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். 18 அங்குல ரிம் கொண்ட முன்சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 10 முறை சுழலும். அச்சிலிருந்து 23 சென்டிமீட்டர் தொலைவில் 20 கிராம் மிகையாயிருந்தால், அதன் மையவிலக்கு விசை ஏறத்தாழ 18 நியூட்டன். 1.8 கிலோகிராம் எடையை நூலிற் கட்டித் தொங்கவிட்டால் உண்டாகும் இழுப்புக்கு இது சமம். அவ்விழுப்பு சக்கரத்தோடு சுழன்று, நொடிக்கு 10 முறை மேலும் கீழும் திசை மாறுகிறது. இவ்விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், மணிக்கு 36 கிலோமீட்டரில் 4.5 நியூட்டனே ஆகும். ஊர்த்தெருவில் புலப்படாத குறை நெடுஞ்சாலையில் வெளிப்படுவதன் காரணம் இதுவே. மேலும், இத்துடிப்பு முன் ஃபோர்க்கின் இயல்பான அதிர்வெண்ணை நெருங்கும்பொழுது ஒத்ததிர்வு ஏற்பட்டு, நடுக்கம் பன்மடங்காகிறது.

நின்ற வண்டியில் சோதனை

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அழுத்திப் பிடிக்க, முன்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்துக. ஒரு பென்சிலை ஃபோர்க்கில் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொடாதவாறு நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுழற்றுக. இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோணலாயுள்ளது. டயரின் ஓரத்திலுள்ள மெல்லிய கோடு, ரிம்மின் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தொலைவில் இருத்தல் வேண்டும். ஆரக்கம்பிச் சக்கரமாயின், ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் மெல்லத் தட்டுக. தளர்ந்த கம்பி மந்தமான ஒலி தரும். புதிய சக்கரத்தின் கம்பிகள் தொடக்க ஓட்டத்தில் சற்றுத் தளர்வது இயல்பு.

பல டயர்களின் பக்கத்தில் மஞ்சள் புள்ளி ஒன்று காணப்படும். அது டயரின் எடை குறைந்த பகுதியைக் காட்டுவது. அதனை வால்வுக்கு நேராக அமைத்தல் வழக்கம். இறுதியாக, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். 'டக்' என்ற ஓசையுடன் ஆட்டம் தெரிந்தால், கோன் செட் தளர்ந்துள்ளது எனலாம். சக்கரத்தை இரு பக்கமும் பற்றி அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால், பேரிங்கையும் அச்சின் இறுக்கத்தையும் ஆராய வேண்டும்.

கண்டவற்றைக் குறித்து வைத்து, உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே விற்பனை நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பது நன்று. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, மீண்டும் அதே சாலையில் அதே வேகத்தில் சோதிக்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் நோய் தீர்ந்தாலும் காரணம் விளங்காது.

ஓடும்பொழுது கைப்பிடி இருபுறமும் பலமாக ஆடத் தொடங்கினால், திடீரென முன் பிரேக்கை அழுத்துதல் கூடாது. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துக. சீர்செய்யும்வரை அவ்வண்டியில் பயணம் செய்தல் ஆகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் விளக்கலாம். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்மின் ஓரிடத்தில் சிறு களிமண் உருண்டையை ஒட்டுக. சக்கரத்தை மெல்ல அசைத்துவிட்டால், அது ஊசலாடி, களிமண் கீழே வருமாறு நிற்கும். எதிர்ப்புறம் அதே எடையுள்ள உருண்டையை ஒட்டியபின் அவ்வாறு திரும்பும் போக்கு மறைந்துவிடும். பட்டறையில் சக்கரத்தில் ஈயத்துண்டு பொருத்தப்படுவது எதற்கு என்பதை மாணவர் அப்பொழுது தாமே கூறுவர்.