தோட்டத்து இயந்திரமும் தொழினுட்பப் பயிற்சியும்: பலாங்கொடைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையில் முறைசார்ந்த தொழினுட்பக் கல்வி 1893ஆம் ஆண்டில் மருதானைத் தொழினுட்பக் கல்லூரியின் தோற்றத்துடன் ஆரம்பித்ததெனக் கூறுவது வழக்கம். ஆயின், அக்காலத்திலேயே இந்நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரமும் சாமுவேல் டேவிட்சனின் ‘சிறொக்கோ’ உலர்த்தியும் இயங்கத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு எண்ணெயிட்டும் வார் மாட்டியும் வந்தோருள் எக்கல்லூரியையும் காணாத தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்கள் இயந்திரத்தை ‘ரோதை’ என்றனர். அதற்கெனவே ரோதைமுனி என்றொரு தெய்வத்தையும் வழிபட்டனர். அச்சமும் பரிச்சயமும் கலந்த இவ்வுறவு தனியே ஆராயத்தக்கது.

1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்ற பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில், தொழிற்சாலைப் பட்டறைக்கு உதவியாளாகச் சேரும் இளைஞன் மூத்தவரின் கைபார்த்தே தொழில் கற்கிறான். சில ஆண்டுகளில், ஒலியைக் கொண்டே ‘பேரிங்’ தேய்ந்துவிட்டதென உணரும் ஆற்றல் பெறுகிறான். இஃது அற்பமான அறிவன்று; ஆயினும் ஓர் எல்லைக்குட்பட்டது.

ஓர் உதாரணம் காட்டலாம். மழைக்காலத்தில் கொழுந்து ஈரமாக வருவதால் வாட்டல் தாமதிக்கும். வார் பூட்டிய காற்றாடியின் கப்பியைக் கழற்றிச் சிறியதொன்றை இட்டால் வேகம் கூடுமென்பது கைப்பழக்கத்தாலேயே தெரியவரும். வேகம் 10 சதவீதம் கூடின் காற்றின் அளவும் ஏறத்தாழ 10 சதவீதமே கூடும். ஆனால் காற்றாடிக்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு நேர்விகிதசமமானது. 1.1 × 1.1 × 1.1 = 1.331. அதாவது, மோட்டர் முன்னையிலும் 33 சதவீதம் மேலதிகமான சுமையைத் தாங்கல் வேண்டும். எரிந்த மோட்டரைக் கழற்றிக் கம்பி சுற்றுவித்தல் பட்டறைப் பழக்கம். அஃது எரியுமென முன்னரே கணித்தல் கோட்பாட்டறிவு.

மறுதலையும் உண்மையே. மோட்டரின் 1440 சுற்றுக்களை உருட்டு இயந்திரத்துக்கேற்ப 45 ஆகக் குறைப்பதற்கு, வாரினால் நான்கிலொன்றாகவும் பற்சில்லினால் எட்டிலொன்றாகவும் குறைக்கலாமென வகுப்பறையில் மட்டும் பயின்றவன் தாளில் எழுதிவிடுவான். இரு கப்பிகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என நூல்பிடித்து நேர் பார்க்கும் வேலை அவனுக்குக் கைவராது. அந்நேர் தவறின் வார் அடிக்கடி அறும். அறாதிருக்கட்டுமென மிக இறுக்கினாலோ ‘பேரிங்’ கெடும்.

இவ்விரு கல்வியையும் இணைக்கும் நோக்கிலேயே 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் தேசிய பயிலுனர் சபையை அமைத்தது. 1990இல் அப்பணி வேறோர் அதிகாரசபையின் பொறுப்பாயிற்று. இன்றுள்ள தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. அனுபவத்தால் முன்னர்க் கற்றவற்றைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கவும் அதில் வழியுண்டு. பட்டறை உதவியாளனுக்கு இது பெருவாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்காம் மட்டம் கடந்து டிப்ளோமா நிலைக்குச் செல்லுங்காற் கணிதமும் ஆங்கிலமும் குறுக்கே நிற்கின்றன. கையாற் கற்றவன் பெரும்பாலும் தடைப்படுவது இவ்விடத்திலேயே.

கலைச்சொல்லும் ஒரு தடையே. நமது பாடநூல்கள் ‘போதிகை’ என்கின்றன. நாள்தோறும் அதனைக் கையாளும் இளைஞனோ அச்சொல்லைக் கேட்டறியான். அவன் அறிந்தது ‘பேரிங்’. உதிரிப்பாகப் பட்டியலோ ஆங்கிலத்தில் உள்ளது. அவன் வழங்கும் சொல்லில் தொடங்கி, தமிழ்க் கலைச்சொல்லுக்கும் அதன்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் அழைத்துச் செல்வதே தக்க முறையென்பது எமது கருத்து. தூய தமிழ் என்பதற்காக இவ்வரிசையை மாற்றுவது மாணவனுக்கு உதவாது.

இதற்குப் புதிய கட்டடங்கள் வேண்டுமென்பதில்லை. கொழுந்து குறையும் வறட்சிக் காலத்தில் இயந்திரங்கள் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்படுகின்றன. அந்நாட்களில், கழற்றிய உருட்டு இயந்திரத்தின் அருகிலேயே கரும்பலகையை நிறுத்தி, வாரத்துக்கு இரு மாலைகள் பாடம் நடத்தலாம். அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலையின் கணித ஆசிரியரும் தொழிற்சாலையின் மூத்த பொறித்திருத்துநரும் சேர்ந்தே அதனை நடத்துதல் வேண்டும். முதற்பாடம் கப்பி விகிதமாக அமையலாம். காற்றாடியின் கணக்கை அதற்கடுத்துச் செய்துகாட்டலாம்.