முதுகுக்கும் ஒரு பேக்கப்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் யூபிஎஸ், ஆன்டிவைரஸ், பேக்கப் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்காரப் போகும் முதுகைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. மானிட்டரை நோக்கித் தலை முன்னே போகப் போக, அதைத் தாங்கும் கழுத்து, மேல்முதுகுத் தசைகளுக்குச் சுமை கூடுகிறது. கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் கைகள் முன்னால்தான் நீள்கின்றன. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுக்கும் தசைகளுக்கோ பயிற்சியே கிடைப்பதில்லை. தண்டால் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அது தள்ளும் பயிற்சி. மார்புக்கும் கைகளுக்கும் நல்லது. முதுகுக்கு வேண்டியது இழுக்கும் பயிற்சி.

ஜிம்மில் இதற்கென்று புல்லி மெஷின் இருக்கும். நான் இருப்பது ஓசூர் அருகே சானமாவில். காட்டில் யானைகள் முகாமிட்டால், இருட்டிய பின் வெளியே வர வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கும். அந்த நேரத்தில் ஓசூர் ஜிம்முக்கு எப்படிப் போவது? எனவே வீட்டில் உள்ள பொருட்களே என் ஜிம்.

சைக்கிள் டியூப்

பழைய டியூபில் வால்வு உள்ள பகுதியை வெட்டி எறிந்து விடுங்கள். வெடிப்பு இருந்தால் அந்த டியூப் வேண்டாம். சுவரில் பதித்த ஜன்னலின் இரும்புக் கம்பி இரண்டைச் சேர்த்து, மார்பு உயரத்தில் டியூபைச் சுற்றுங்கள். அலுமினிய ஜன்னல், கதவுக் கைப்பிடி இரண்டும் இதற்கு உதவாது. முதலில் மெதுவாக இழுத்துச் சோதியுங்கள். பிறகு இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகள் உடலை ஒட்டிப் பின்னால் போகும்படி இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் நெருங்கியதும் ஒரு விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள்.

தண்ணீர் கேன்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே 5 லிட்டர் கேன் என்பது எடையைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள டம்பெல்! கட்டிலில் ஒரு கையை ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். மறு கையால் கேனை இடுப்பு வரை தூக்கி இறக்குங்கள். சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியில் கை ஊன்றாதீர்கள், அது உருண்டு விடும். சிபியு பக்கத்திலும் செய்ய வேண்டாம். மூடி கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கர்லாக்கட்டை

நம் ஊர்த் தேகப்பயிற்சியில் பழகிய கர்லாக்கட்டை, தோளுக்கும் மேல்முதுகுக்கும் அருமையான கருவி. இந்தியாவில் இத்தகைய கட்டைகளைப் பார்த்த ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தங்கள் நாட்டுக்கும் கொண்டு போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. ஆனால் தெரிந்தவரிடம் கற்ற பிறகே சுற்றுங்கள். கட்டைக்குப் பதில் தண்ணீர் பாட்டிலைச் சுற்றினால், கை நழுவியதும் மானிட்டர் போய்விடும்.

எவ்வளவு செய்யலாம்?

டியூபிலும் கேனிலும் 10 முறை வீதம் 2 அல்லது 3 செட். தசைப் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. முதுகு வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'கிளாக்' என்று தேடுங்கள். அதில் டைமரை 30 நிமிடத்துக்கு வையுங்கள். அது ஒலித்ததும் எழுந்து சற்று நடங்கள். ஹார்ட் டிஸ்க் கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். முதுகுக்கு ஸ்பேர் கிடையாது!