பணியாரக் கடையும் அத்தையின் கண்ணும்

"இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை. ராத்திரி எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவைச் சங்கமாம், சேவை! நாலு பேர் கூடிச் சாப்பிடுவதற்கு ஒரு பெயர். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு நான் வீட்டில் செய்வதற்குப் பெயர் என்னவாம்?

1983-ஆம் வருஷம் வரைக்கும் என் நினைப்பு இதுதான். மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஆண்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. எங்களுக்கு அதில் 'உறுப்பினர்களின் மனைவிமார்' என்பதைத் தவிர வேறு பதவி கிடையாது. அந்தச் சங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த நானே பிற்பாடு அதற்காக மூன்று ராத்திரி அடுப்படியில் நின்றேன். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஒரு செம்பு வெந்நீர்.

சின்னவனுக்கு அப்போது ஒரு வயசுகூட ஆகவில்லை. தினமும் அத்தைதான் காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். அன்றைக்கு நான் எதற்கோ கொல்லைப்பக்கம் போனவள், அத்தை செம்பில் எடுத்த தண்ணீரில் ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன். பாதித் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்து கொப்பளித்தது. பிள்ளை தப்பினான்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? விளாவாத தண்ணியை மொண்டு ஊத்தப் பாத்தீங்களே!" என்று கத்திவிட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "தெரியலை தாயி. ஒரு வருஷமா எல்லாம் புகை மூட்டமாத்தான் இருக்கு. சொன்னா ஆஸ்பத்திரி, செலவுன்னு உங்களுக்குக் கஷ்டம். அதான் சொல்லலை" என்றார்கள்.

கையில் பட்ட சூடு நாலு நாளில் ஆறிவிட்டது. அந்தப் பேச்சு ஆறவில்லை. வாசலில் கோலப் புள்ளி கோணலாக விழுந்தபோது கிண்டல் பண்ணியவள் நான். அரிசியில் கல் கிடந்தபோது முகத்தைச் சுளித்தவளும் நான்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லையே!

ஒரு பஸ் குறைகிறது

அன்று இரவு அவரிடம் சொன்னபோது, "இந்த வருஷம் எங்க சங்கத்துல கண் சிகிச்சை முகாம் நடத்தப் போறோம். அம்மாவையும் அதுல காட்டிடலாம்" என்றார். அவர்தான் பொருளாளர். நோட்டைத் திறந்து காட்டினார். ஊரில் பரிசோதனை நடக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை மதுரைக்கு அழைத்துப் போவார்கள். டாக்டர்களும் ஆபரேஷனும் இலவசம். ஆனால் நோட்டீஸ், தண்டோரா, பந்தல், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, மதுரைக்குப் போய்வரப் பஸ் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கையிலிருந்த பணம் ஒரு பஸ்ஸுக்குத்தான் காணும். சுற்றுவட்டக் கிராமங்களைக் கணக்குப் பார்த்தால் இரண்டு வேண்டும்.

கண் சிகிச்சைக்கும் இத்தகைய சங்கங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1925-இல் அமெரிக்காவில் நடந்த அரிமா சங்க மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையற்றோருக்குத் துணை நிற்க வாருங்கள் என்று அவர் வேண்டிக்கொண்டதிலிருந்து, கண்பார்வை அந்தச் சங்கங்களின் முக்கியப் பணியாகிவிட்டது. நம் பக்கத்திலோ மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஒளி தந்த கைகள் அவருடையவை. கிராமத்துக்கே போய் முகாம் நடத்துவது அந்த மருத்துவமனையின் வழக்கம். கூட்டம் சேர்ப்பதும் இடம், சாப்பாடு ஏற்பாடு செய்வதும் உள்ளூர்ச் சங்கங்களின் பங்கு.

"ஒரு பஸ்ஸுக்குப் பணம் நாங்க சேத்துத் தர்றோம்" என்று நான் சொன்னதும், அவர் சிரித்துவிட்டார்.

முதல் அடி நஷ்டம்

மறுநாளே ஆறேழு வீட்டு மதினிமார்களைக் கூட்டினேன். பள்ளிக்கூட விழாவில் கேசரி, போண்டா, தேங்காய்ச் சட்னி என்று அமர்க்களமாகக் கடை போட்டோம். சாமான் எல்லாம் கைக்காசு போட்டு வாங்கினோம். அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் குறைவு. மூன்று மணிக்கெல்லாம் சட்னி புளித்துவிட்டது. போட்டது 150 ரூபாய், எடுத்தது 110. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று எல்லார் வீட்டிலும் ஒரே குரல் கேட்டது.

அழாத குறையாக உட்கார்ந்து யோசித்தோம். அடுத்து வந்தது மாரியம்மன் கோயில் பொங்கல். மூன்று ராத்திரியும் தேர் முட்டியில் ஜனம் நிற்கும். இந்தத் தடவை வேறு மாதிரி செய்தோம். சாமானைக் காசு கொடுத்து வாங்காமல் வீடு வீடாகக் கேட்டோம். "காசு வேண்டாம், ஒரு படி அரிசி, ஒரு அச்சு வெல்லம் கொடுங்க போதும்" என்றால் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. கெட்டுப்போகிற பண்டமே வேண்டாம் என்று குழிப்பணியாரமும் பருத்திப்பாலும் மட்டும் வைத்தோம். மாவு பெரிய குண்டானில் தயாராக இருக்கும். ஆள் வரவர அப்போதைக்கப்போது சுட்டுக் கொடுத்தோம். பணியாரம் 20 காசு, பருத்திப்பால் 40 காசு. கடைக்கு முன்னால் ஒரு அட்டை: 'இந்தக் காசு கண் தெரியாதவர்கள் மதுரை போக'.

அந்த அட்டைதான் விற்றது! மீதிச் சில்லறையை வாங்காமலே போனவர்கள் எத்தனை பேர்! மூன்றாம் நாள் எண்ணினோம். 612 ரூபாய். அந்தக் காசில் அப்போது ஒரு பஸ் பிடிக்கலாம்.

வீட்டுக்குள் ஒரு சண்டை

பத்து நாள் கழித்து, ஒருநாள் சாப்பிடும்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாவட்டத் தலைவர் நம்ம சங்கத்தைப் பார்க்க வர்றார். விருந்துக்கு முந்நூறு ரூபா குறையுது. உங்க பணத்துலேருந்து எடுத்துக்கலாமான்னு கேக்கறாங்க. அடுத்த மாசம் திருப்பிப் போட்டுடுவோம்."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "தாராளமா எடுத்துக்குங்க. பஸ்ஸுல பாதிப் பேரை இறக்கி விட்டுடலாம். முதல் ஆளா உங்க அம்மாவை இறக்குங்க" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். காலையில் என்னிடம் காட்டினார். இதைச் சகோதரிகள் தெரிந்துகொள்வது நல்லது. முறையாக நடக்கும் சேவைச் சங்கங்களில் இரண்டு கணக்கு வைக்க வேண்டும். உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு. கூட்டம், சாப்பாடு, தபால் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் திரட்டும் பணம் இன்னொரு கணக்கு. அது மறுபடி பொதுமக்களுக்கே போய்ச் சேரவேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து விருந்து வைக்கக் கூடாது.

கூட்டத்தில் அவர் அதை வாசித்துக் காட்டினார். விருந்து, சுண்டலும் காப்பியுமாகச் சுருங்கியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள். அதில் ஒருவர் வீட்டு அக்கா என்னிடம் ஒரு வருஷம் பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் கடைக்காரர்கள் கேட்காமலே வெல்லம் அனுப்பினார்கள்.

"பேரனை யாரு பாப்பா?"

பணம் வந்தது. ஆள் வரவேண்டுமே! ஆண்கள் வந்து பெயர் கொடுத்தார்கள். வயதான பெண்கள் அசையவில்லை. "கண்ணைத் தோண்டி எடுத்துருவாகளாமே?" என்றார் ஒரு பாட்டி. "நான் ஒரு வாரம் போயிட்டா பேரனை யாரு பாப்பா? மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்றார் இன்னொருவர். எங்கள் அத்தையும் இதே பாட்டுத்தான். பார்வை போவதைவிட, வீட்டில் தன் வேலை நின்றுபோவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம்.

தண்டோரா போட்டால் இந்தப் பயம் போகாது. திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் போகும். ஆளுக்கு ஒரு தெரு பிரித்துக்கொண்டு போனோம். யார் வீட்டுப் பிள்ளையை யார் பார்ப்பது, யாருக்கு யார் கஞ்சி கொடுப்பது என்று பட்டியல் போட்டோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு பையனைப் பிடித்தோம்.

முகாம் அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் பெயர்ப் பதிவு, அடுத்ததில் எழுத்துப் பலகை பார்த்துப் பரிசோதனை, அதற்கடுத்து ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணின் அழுத்தம், கடைசியில் டாக்டர். இரண்டு பஸ்ஸும் நிறைந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாத கண்ணால் என்னைத் தேடினார்கள்.

அந்தக் காலத்தில் புரை விழுந்த கண்வில்லையை எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். சில வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு சின்னவனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"ஏ தாயி, இவன் கன்னத்துல மச்சம் இருக்கு! நீ சொல்லவே இல்லையே?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நாம் கவனிக்க வேண்டியவை

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை மலிவாகத் தயாரிக்க ஆரம்பித்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போயே போய்விட்டது. அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் இலவசம். இருந்தும், வீட்டில் யாராவது கவனித்துச் சொன்னால்தானே பெரியவர்கள் போவார்கள்?

* பார்வை புகைபோல மங்குவது, எதிரே வரும் வண்டி விளக்கு கூசுவது, கண்ணாடியின் பவரை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது ஆகியவை கண்புரையின் அறிகுறிகள். புரை 'முற்றட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். சொட்டு மருந்தால் அது கரையாது. ஆபரேஷன் ஒன்றே வழி.

* இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். புண்ணாகிக் கருவிழியே கெட்டுப்போகலாம்.

* சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 40 வயதுக்கு மேல் எல்லோருமே கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

* குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவற்றில் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின் சத்து கிடைக்கும். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு கொடுக்கும் ஏ வைட்டமின் மருந்தையும் தவறாமல் கொடுங்கள்.

அத்தை தந்தது

1987-இல் அரிமா சங்கமும் 1989-இல் ரோட்டரி சங்கமும் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள உலக அளவில் கதவைத் திறந்தன. எங்கள் ஊரில் அந்தக் காற்று வீசக் கொஞ்சம் தாமதமாயிற்று. பிறகு நானும் உறுப்பினராகி, சில வருஷம் அதே பொருளாளர் நோட்டை எழுதினேன். "ரெண்டாவது சனிக்கிழமை, ராத்திரி எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று நான் சொல்ல, அவர் தோசை வார்த்துச் சாப்பிட்ட நாளும் உண்டு!

அத்தை 1997-இல் காலமானார்கள். முன்பே ஒருநாள், "எனக்கு ஊர்க்காசுல கண்ணு குடுத்தீக. நான் போனா இதை யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அழுகைக்கு நடுவே அது ஞாபகம் வந்தது. இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்தோம். உடனே கண் வங்கிக்குச் சொல்லியனுப்பினோம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நாலாவது மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். கால் மணி நேர வேலை. முகம் விகாரமாகவில்லை. கண் தானத்துக்கு வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கூடத் தரலாம். முன்கூட்டி எழுதி வைக்காவிட்டாலும், குடும்பத்தார் சம்மதித்தால் போதும்.

இரண்டு பேருக்குப் பொருத்தியதாகப் பின்னால் கடிதம் வந்தது. யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு சங்கம் இருக்கும். 'சாப்பாட்டுக் கூட்டம்' என்று என்னைப்போல் ஒதுக்கிவிடாதீர்கள். போய்க் கணக்கைக் கேளுங்கள். சரியாக இருந்தால் கை கொடுங்கள். கொடுக்கக் காசு இல்லையென்றால், ஒரு படி அரிசியும் ஒரு பணியாரச் சட்டியும் இல்லாமலா போய்விடும்? அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலமே உங்கள் மாமியாரிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "கண்ணு நல்லாத் தெரியுதா?" கத்தாமல் கேளுங்கள்.