ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது எந்த மாத்திரையைத் தொடர்வது?

சேரன்மகாதேவியில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள ஒரு முதியவருக்கு மாத்திரை பல வழிகளில் வருகிறது. ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில் வாங்குவார். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். தீர்ந்துவிட்டால் மெடிக்கலில் வாங்குவார். நெஞ்சுவலி வந்தால், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ‘ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி’ என்று மக்கள் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார். திரும்பும்போது புதிதாக ஒரு மருந்துப் பை சேர்ந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு உண்டு. எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்தான் இல்லை.

எங்கே தவறுகிறது?

முதல் தவறு, சேரும்போதே நடக்கிறது. அவசரத்தில் யாரும் அந்தச் சீட்டுகளை எடுப்பதில்லை. “சின்னதா, வெள்ளையா ஒரு சுகர் மாத்திரை” என்று உறவினர் சொல்வதை வைத்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, வீடு திரும்பும்போது. ஆஞ்சியோகிராமுக்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சில நாள் நிறுத்தியிருக்கலாம். எப்போது மீண்டும் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாவிட்டால், நோயாளி அதை விட்டேவிடுவார்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். ரத்த அழுத்தத்துக்கான அரசு மாத்திரை அட்டையில் ‘அம்லோடிபின்’ என்றிருக்கும். கடை மாத்திரையில் ‘ஸ்டாம்லோ’ என்றோ ‘அம்லாங்’ என்றோ இருக்கும். மருந்து ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அழுத்தம் அதிகமாக இறங்கித் தலைசுற்றும், கீழே விழ நேரும். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபக்கம், பை தீர்ந்ததும் நிறுத்திவிடுவது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தானாக விட்டால், ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம்.

இது உலகெங்கும் உள்ள சிக்கல். மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய தீங்கைக் குறைக்க 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய இயக்கம், மூன்று முன்னுரிமைகளைக் குறித்தது. அவற்றில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் கட்டம்.

மருத்துவமனை செய்ய வேண்டியது

சேரும்போது பழைய மருந்துகளை முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும். அனுப்பும்போது அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டு, தொடர வேண்டியது, புதிதாகச் சேர்ந்தது, அளவு மாறியது, நிறுத்தியது என்று நான்காகப் பிரித்து எழுத வேண்டும். நிறுத்தியதற்குக் காரணமும், புதியதை எத்தனை நாள் சாப்பிடுவது என்பதும் வேண்டும். மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவர்களுக்கான நெறிமுறை திருத்தப்பட்டது. அந்தச் சீட்டைத் தமிழில் விளக்கி, நோயாளியையோ உடனிருப்பவரையோ திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது.

வீடு திரும்பிய பிறகு, வாசல்வரை வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால், மாற்றம் ஊர் மருத்துவரின் கவனத்துக்குப் போகும். பழைய அளவிலேயே மாத்திரை தொடர்வதைத் தடுக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

* எல்லா மருந்துகளும் ஒரே பையில் இருக்கட்டும். வலி மாத்திரை, சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின், நாட்டு மருந்து எல்லாம் அதில் அடங்கும்.
* பெயரும் காலாவதித் தேதியும் போகும்படி அட்டையைக் கத்தரிக்காதீர்கள்.
* சீட்டையும் அட்டைகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.
* நிறுத்தச் சொன்ன மாத்திரையை அந்தப் பையிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள்.
* சந்தேகம் வந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்; 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

டிஸ்சார்ஜ் நாளில் கிளம்பும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும், “வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகளில் எதைத் தொடரணும், எதை நிறுத்தணும்?” என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்கும்வரை வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை.