பாகத்தை மாற்றும் முன் அளவைக் கேளுங்கள்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமாக இருக்கும். குமரி மாவட்டத்து முட்டம் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. மேற்குக் கடற்கரைச் சாலையில் மீன் லாரியை முந்த ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும், சரியாக டர்போ எடுக்கும் நேரத்தில் திக்கும். வெட்டி வெட்டி இழுக்கும். மறுநாள் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எதிரே பஸ் வர, பாதி முந்திய நிலையில் இழுவை போனால் உயிருக்கே ஆபத்து. குறை தீரும்வரை முந்துவதை விட்டுவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் பதில், "டர்போ போயிருக்கும்ணே, மாத்திருவோம்." இல்லையென்றால், "பம்பைக் கழட்டணும்." இரண்டுமே பெருஞ்செலவு. மாற்றிய பிறகும் திக்கினால் அடுத்த பாகத்தின் மேல் பழி விழும். வண்டி திக்கும் அந்த நொடியில் எடுத்த அளவைக் காட்டாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். குறையைக் கண்டுபிடிக்க அதுவே வழி. பின்னால் நியாயம் கேட்கப் போனால் அதுவே சாட்சி.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வண்டி திக்கும். ஷெட்டில் நிறுத்தி ரேஸ் கொடுத்தால் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் அழுத்தம் ஏறாது, குறையும் வெளிப்படாது. ஸ்கேனரை மாட்டி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் திரையைப் பார்க்க, ஏற்றத்தில் மூன்றாம் நான்காம் கியரில் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியின் கணினி கேட்ட டர்போ அழுத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? கேட்ட டீசல் அழுத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? காற்றழுத்தம் குறைந்தால் பி0299 என்றும், டீசல் அழுத்தம் குறைந்தால் பி0087 என்றும் பிழைக் குறியீடு (கோடு) பதிவாகலாம். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டுமே கோடு சொல்லும். பி0299 வந்ததாலேயே டர்போ போய்விட்டதாக ஆகாது.

காற்றுப் பக்கம் என்றால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை முதலில் பாருங்கள். மேலே நன்றாகவே இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு அடிப்பக்கத்தை விரலால் மடக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்பும், அதைச் சுற்றி எண்ணெய் கலந்த கரியும் தெரியும். அழுத்தம் ஏறும்போது வெடிப்பு வாய் திறக்கும், காலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். கரும்புகையும் 'உஸ்' சத்தமும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும். வாக்குவம் குழாய்களையும், கரி பிடித்த இஜிஆர் வால்வையும் அதற்கடுத்துப் பார்க்கலாம்.

கடற்கரை ஊருக்கென்றே இன்னொரு நோய் உண்டு. சென்சார் கனெக்டரைக் கழற்றினால், செம்பு முனைகளில் உப்புக் காற்று படிய வைத்த பச்சைக் களிம்பு இருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். கான்டாக்ட் கிளீனரால் தீர வேண்டிய குறைக்குப் புது சென்சார், சில நேரம் புது டர்போவே விற்கப்படுகிறது.

டீசல் பக்கம் என்றால் பம்பைத் தொடுமுன் ஃபில்டர். அதைத் திறந்து அடியில் நிற்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் கலந்திருந்தால் தனியே தெரியும். மலிவு என்று மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவதை அடியோடு விடுங்கள். மீனவர்களின் எஞ்சினுக்காக மானியத்தில் வருவது காரில் ஏறினால் சட்டப்படி குற்றம். டீசலின் வழவழப்பை நம்பி ஓடும் காமன்ரெயில் பம்பும் தேய்ந்துபோகும். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அடர்த்தியையும் கேட்கலாம். காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

பெட்ரோல் டர்போ வண்டியில் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக்கும் காயிலும். திக்கியபடியே நாள்கணக்கில் ஓட்டினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டு, சின்னச் செலவு பெருஞ்செலவாகும்.

நல்ல அளவு கிடைக்காததற்கு ஊர் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நீண்டன. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் பொதுவாக எழுத விடாதீர்கள். "மூன்றாம் கியரில், ஏற்றத்தில், மிதித்தால் திக்குகிறது" என்று குறையையே எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைத் தாளில் வாங்குங்கள், ஸ்கேனர் திரையைப் படம் எடுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது.

பில்லில் தகராறு வந்தால் வண்டியை வம்பாக எடுத்து வர முடியாது. செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, வண்டியை எடுங்கள். மறுபடி கை வைக்கும் முன் வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவிடுங்கள். வண்டியைப் பிரித்த பிறகு பழைய வேலையின் குறையை நிரூபிப்பது கடினம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.