வாசற்கல்லில் ஒரு காடி

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், பயணிகள் கூடி நிற்பது பழைய கடைமேடைகளைச் சுற்றித்தான். தெருவைப் பார்த்த மேடை, அதில் வாய் மட்டும் தெரியப் பதித்த மண்சாடிகள். பார்த்ததுமே ‘சூடான சாப்பாட்டுக் கடை’ என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஓர் அறை கடையாக இருந்ததா என்பதற்குச் சாடியைவிட நம்பகமான சாட்சி காலடியில் கிடக்கிற வாசற்கல். அதன் பெரும்பகுதியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். ஓர் ஓரத்தில் மட்டும் காடி நின்று, கதவு சுழலும் குழி இருக்கும். பலகைகளைக் காடியில் வரிசையாக நிறுத்தி, கடைசியில் ஓரக் கதவைச் சாத்திப் பூட்டினால் கடை அடைத்தாயிற்று. இது வெறும் ஊகமல்ல. மரம் மக்கிய பிறகும் இறுகிய சாம்பலில் அதன் அச்சு தங்கிவிட்டது. அதில் சாந்து ஊற்றி எடுத்த பலகைக் கதவின் வார்ப்பு அபொண்டன்சா தெருவில் இருக்கிறது. நகரில் ஏறத்தாழ 600 கடைகள் என்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் மேடையே கிடையாது. அவற்றைக் கடையென்று காட்டிக்கொடுப்பது இப்படிக் காடி வெட்டிய அகன்ற வாசல்தான்.

அகன்ற வாசல் வண்டிக் கொட்டகைக்கும் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் வண்டி நுழையும் வாசலுக்கு இரட்டைக் கதவு போதும், பலகைக் காடி தேவையில்லை. கடையை மூடிவிட்டு அறையை வேறு வேலைக்கு மாற்றியிருந்தால்? அப்போது காடியின்மேல் சுவர் எழும்பியிருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே என்ன விற்றார்கள் என்பதை மட்டும் வாசற்கல் சொல்லாது என்று மறுக்கலாம். இந்த மறுப்பு நியாயமானது. அதைச் சாடி சொல்லும் என்றால், அதற்குள் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். மெருகிடாத மண்சாடி ஈரத்தை உறிஞ்சும். மேடையோடு சேர்த்துக் கட்டியதால் கழற்றிக் கழுவவும் முடியாது. அதே எரிமலையால் புதைந்த ஹெர்குலேனியம் நகரில் இத்தகைய சாடிகளில் கரிந்த தானியமும் பருப்பும் கிடைத்தன. அதனால் உலர்பொருள்களுக்கானவையே இவை என்று பலர் வாதிட்டார்கள். 2020 இறுதியில் பொம்பெயியின் ஐந்தாம் வட்டாரக் கடையொன்றைப் பற்றிய அறிவிப்பு வந்தது. அதன் சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள். ஒன்றின் அடியில் மதுவோடு சேர்த்த அவரை இனப் பயறு. அதே நகரில் வெடூடியஸ் பிளாசிடஸ் என்பவரின் கடையிலோ ஒரு சாடியில் கிட்டத்தட்ட 3 கிலோ நாணயம்! கல்லாப்பெட்டியாகவும் சாடி உதவியிருக்கிறது. ஆக, ஒரே வடிவச் சாடிக்கு மூன்று விடை. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். ஆனால் நகரின் பெரும்பகுதியைத் தோண்டிய பழைய அகழாய்வாளர்கள் சாடி மண்ணைச் சலித்துப் பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாதவர்கள். அவர்கள் வழித்துப்போட்ட கடைகளில் இன்று ஆராய எஞ்சியிருப்பது பெரும்பாலும் கல்லும் காடியும்தான்.