சேர்வராயன் மலையில் பெருமழை: சரிவின் ஆபத்தும் நிவாரண உரிமையும்

சேலம் நகருக்கு வடகிழக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையும், அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடும் வெளியூர் மக்களுக்குக் கோடை வாசத்தலமாகவும் காப்பித் தோட்டங்களின் ஊராகவுமே அறிமுகமாகியிருக்கின்றன. மழைக்காலத்தில் இம்மலைக்கு வேறொரு முக்கியத்துவம் வந்துவிடுகிறது. இங்கு பெய்யும் நீரின் ஒரு பங்கு திருமணிமுத்தாறாகச் சேலம் மாநகரின் நடுவே ஓடிக் காவிரிக்குச் செல்கிறது. ஒரு பங்கு சரபங்கா நதியாக ஓமலூர் வழியே அதே காவிரியைச் சேர்கிறது. மற்றொரு பங்கு வாணியாறாக வடபுறம் இறங்கித் தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஆகவே ஏற்காட்டில் ஓர் இரவு முழுவதும் கொட்டும் மழை மலைவாசிகளின் கவலையோடு நின்றுவிடுவதில்லை. அடிவாரத்துக் கன்னங்குறிச்சியின் மூக்கனேரி முதல் தென்பெண்ணைக் கரையின் தொலைதூர ஊர்கள் வரை அதன் விளைவு சென்று சேர்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதைக் கனமழை என்றும், 204.4 மில்லிமீட்டர் வரை பெய்வதை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதி கனமழை என்றும் வகுத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீருக்குச் சமம் என்பதால், 20 சென்டிமீட்டர் மழை ஒரே ஒரு ஹெக்டேர் சரிவின்மேல் 20 லட்சம் லிட்டர் நீரைக் கொட்டிவிடும். சமவெளியில் இந்த நீர் தேங்கி, மெல்ல உயர்ந்து, மக்கள் வெளியேறச் சில மணி நேரமாவது அவகாசம் தரும். மலையிலோ அது மண்ணுக்குள் இறங்கியோ மண்ணைச் சுமந்துகொண்டோ ஓடுவதால் அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வெள்ளம் என்றதும் முழங்கால் அளவு நீரையே நினைத்துப் பழகிய நிர்வாக நடைமுறைகள் மலைக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இதை வடதமிழகத்துக்குக் கடுமையாக உணர்த்தியது. கரையைக் கடந்ததோடு ஓய்ந்துவிடாமல் மெதுவாக உள்நாட்டுக்குள் நகர்ந்த அப்புயலால், கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்கு முந்தைய நாள் மாலை திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அதே நாள்களில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்தப் பாதையும் குப்பனூர் வழியாக இறங்கும் மாற்றுப் பாதையுமே சேலத்தோடு ஏற்காட்டை இணைக்கும் சாலைகள் என்பதால், இரண்டும் ஒரே மழையில் அடைபடுமானால் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணும் டயாலிசிஸ் சிகிச்சைக்குச் சேலம் சென்றாக வேண்டிய நோயாளியும் மலைமேலேயே சிக்கிக்கொள்வார்கள். பேரிடர்த் திட்டம் எதுவாயினும் இவர்களுடைய பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தவருக்கே அதன் முன்னறிகுறிகள் புலப்படும். இம்மலையின் உடல் சார்னோக்கைட் எனப்படும் மிகக் கடினமான பழம்பாறையால் ஆனது. அதன்மேல் பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் பாறையைச் சிதைத்ததால் உண்டான மண்போர்வை படிந்திருக்கிறது. நீர் மண்போர்வைக்குள் எளிதில் இறங்கிவிடும். அடியிலுள்ள உறுதியான பாறைக்குள் அவ்வாறு இறங்க இயலாது. எனவே தொடர்மழையில் இரண்டுக்கும் இடையில் நீர் தேங்கி, மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்தி, மண்ணின் எடையையும் கூட்டிவிடுகிறது. இந்நிலையில் சாலைக்காகவோ விடுதிக்காகவோ சரிவின் அடிப்பகுதி செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால் மேலுள்ள மண்ணைத் தாங்க எதுவும் எஞ்சுவதில்லை. மலைப்பாதையின் தடுப்புச் சுவர்களில் வரிசையாக விடப்பட்டிருக்கும் சிறு துளைகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. சுவருக்குப் பின்னால் சேரும் நீர் வடிவதற்கான வழிகள் அவை. நல்ல மழையிலும் அத்துளைகள் வறண்டிருந்தால் அவை அடைபட்டு நீர் உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். தெளிந்த நீருக்குப் பதிலாகக் கலங்கல் நீர் வரத் தொடங்கினால் பின்னாலுள்ள மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். சரிவில் புதிதாகத் தோன்றும் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாயும் மின்கம்பமும் மரமும், திடீரென்று நிலையில் பொருந்தாமல் இறுகும் கதவு, மழை நிற்காதபோதே வற்றிப்போகும் ஓடை ஆகியவையும் இத்தகைய அறிகுறிகளே. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே அவ்விடத்தை விட்டு விலகி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அல்லது மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடை வற்றியதைக் கண்டு ஆபத்து நீங்கியதாக எண்ணுவது பெரும் பிழை. மேலே எங்கோ சரிந்த மண் நீரை மறித்து நிற்கிறது, அந்த அணை எந்நேரமும் உடையலாம் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

மலையில் இத்தகைய ஆபத்து யாரைத் தாக்குகிறது என்பதற்கு அண்மைக் கால வரலாறு கசப்பான விடை தருகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட லயன் வீடுகளை மண்சரிவு மூடியபோது எழுபது பேர் மாண்டனர்; பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்த அந்த இரவில் நேர்ந்த இழப்பு மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வரிசைகள் புதையுண்டதற்கு முன்பே, அவ்விடம் வாழத் தகுந்ததன்று என்ற எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. இரண்டு இடங்களிலும் வீட்டுக்கு உரிமை இல்லாதவர்களே அந்த வீட்டோடு புதைந்தார்கள். ஏற்காட்டின் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் வசிக்கும் வீடுகள் தோட்ட உரிமையாளருடையவை. எங்கே கட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றில் வாழ்பவருக்கு என்றுமே இருந்ததில்லை. இதனால்தான் தோட்டத் தொழிலாளர் சட்டம், உரிமையாளர் அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ அவருடைய குடும்பத்தவரோ இறந்தால் அல்லது காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பை உரிமையாளர்மீதே சுமத்தியது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்பொறுப்பைத் தொடர்கிறது. குடியிருந்தவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ ‘முழுமையாகவும் நேரடியாகவும்’ காரணமாக இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பராமரிப்பின்றி விரிசல் கண்டிருந்த சுவர் மழையில் விழுந்தால், மழை பெய்தது என்ற ஒரே காரணத்தால் பொறுப்பு நீங்கிவிடாது. வீட்டின் பழுதைப் பற்றி மழைக்கு முன்பே எழுத்தில் முறையிட்டு அதன் நகலை வைத்திருப்பவரின் வழக்கு அந்த அளவுக்கு வலுவானது.

அரசிடமிருந்து பெறத்தக்கவற்றுக்கு அடிப்படை 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 12ஆவது பிரிவு, தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி ஆகியவற்றில் நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரத்தையும், உயிரிழப்புக்கான கருணைத் தொகையையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகையை முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் அந்த ஆணையத்திடமே விட்டது. நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், மதம் முதலியவற்றால் பாகுபாடு காட்டலாகாது என்கிறது 61ஆவது பிரிவு. முகாமில் யார் எங்கே படுப்பது, யாருக்கு முதலில் உணவு என்பவை வரை இப்பிரிவு எட்டும். மறுபுறம், ஆபத்து நேரத்தில் மாவட்ட நிர்வாகம் சாலையை மூடினால் அதற்குக் கட்டுப்படும் கடமை குடிமக்களுக்கும் சுற்றுலா வருவோருக்கும் உண்டு. சட்டப்படியான உத்தரவை நியாயமான காரணமின்றி மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

தொகைகளைப் பொறுத்தவரை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த விதிமுறைகள் அளவுகோலாக அமைந்தன. அவற்றின்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், முற்றிலும் சேதமடைந்த வீட்டுக்குச் சமவெளியில் 1 லட்சத்து 20 ஆயிரம், மலைப்பகுதியில் 1 லட்சத்து 30 ஆயிரம், பல்லாண்டுப் பயிர்கள் 33 சதவீதமும் அதற்கு மேலும் அழிந்தால் இரண்டு ஹெக்டேர் வரம்புக்குள் ஹெக்டேருக்கு 22,500, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. மலை விவசாயிகள் அதிகம் அறியாத மற்றோர் இனமும் இவற்றில் இருந்தது. மண்சரிவால் நிலத்தின் பெரும்பகுதியே அடித்துச் செல்லப்பட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாயும், நிலத்தில் குவிந்த இடிபாடுகளை அகற்ற 18,000 ரூபாயும் கோர முடிந்தது. இந்த விதிகளுக்குள்ளேயே பெரிய தடை ஒன்றும் இருக்கிறது: வீடு தகுந்த அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட, அனுமதி பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும், நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் கோருபவரின் பெயரில் இருக்க வேண்டும். தலைமுறைகளாக ஒரே இடத்தில் பயிரிட்டும் பட்டா பெறாத, இம்மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பமும், லயன் வீட்டில் வாழும் கூலிக் குடும்பமும் இழப்பில் முதல் வரிசையிலும் நிவாரணத்தில் கடைசி வரிசையிலும் நிற்பது இதனால்தான். இது திருத்தப்பட வேண்டிய அநீதி. அது திருத்தப்படும் வரை, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் தகுதியுள்ளோர் கிராம சபை வழியாக உரிமை கோரி, கிடைத்த உரிமை அரசுப் பதிவேடுகளில் ஏறியிருக்கிறதா என்று வெயில் காலத்திலேயே சரிபார்த்துக்கொள்வது அவசியமாகிறது. உயிரிழப்புக்கான தொகைக்கும், வீடு அடித்துச் செல்லப்பட்ட குடும்பத்துக்கு உடைக்கும் பாத்திரத்துக்குமாக அவ்விதிகள் வகுத்த தலா 2,500 ரூபாய்க்கும் சொத்துரிமை தேவையில்லை என்பதால், பட்டா இல்லை என்று கூறி அவற்றை மறுக்க இடமில்லை.

சேதம் நேர்ந்தபின் இடிபாடுகளை அகற்றுவதற்கு முன்பாகவே பல கோணங்களில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து வடிவில் தெரிவித்து, வட்டாட்சியருக்கும் நகல் கொடுத்து ஒப்புகை பெறுவது முதல் வேலை. இறந்த கால்நடையைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்றும், மனித உயிரிழப்பில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகியவையும் வேண்டும். பெயர் விடுபட்டதாகத் தெரிந்தால் திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர் கூட்டத்தில் மனு அளிக்கலாம். கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நீதிமன்றம் செல்லப் பணமில்லை என்று பின்வாங்கவும் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், வெள்ளம் முதலிய பேரழிவால் பாதிக்கப்பட்டவரையும் பழங்குடியினரையும் பெண்களையும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களாக வகைப்படுத்தியிருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகியோ வழக்கறிஞரைப் பெறலாம்.

எனினும் மழைக்கு முன் செய்யப்படுவதே உயிர்களைக் காக்கும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தொடங்கிய நிலச்சரிவு முன்னறிவிப்புச் சேவை முதலில் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி ஆகிய பகுதிகளுக்கே அமைந்தது. சேர்வராயன் மலைக்கும் அதைக் கோருவது நியாயமானது. மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் ஏற்காடு வட்டத்தின் கிராமங்கள் இருப்பதால், அனுமதியின்றிச் சரிவை வெட்டுவதைக் கண்டால் தாமதமின்றிப் புகார் அளிக்க முடியும்; கீழ்ச்சரிவில் வாழ்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர் வருவது இம்மலைக்குக் கிடைத்த வசதியான வாய்ப்பு. அடைபட்ட சிறுபாலங்களும் ஓடைகளும் எவை, எந்த லயன் வரிசை வெட்டிய சரிவின்கீழ் இருக்கிறது, சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் எந்தப் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கும், மின்சாரம் அற்றுப்போனால் எந்த வீட்டுக்கு யார் நடந்து சென்று செய்தி சொல்வார்கள் என்ற விவரங்களைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றி, அதன் நகலை வட்டாட்சியருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அன்றே அனுப்பிவைக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு.